கேசுவல் என்று எழுதியிருந்த காகிதம்

எனக்கு ஆகவே ஆகாத இங்கிலீஷ் சொல் ஒன்று உண்டு. கேசுவல். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் ஒரு சொல்லை வெறுக்கலாமா என்று கேட்டால், தாராளமாக வெறுக்கலாம் என்பேன். சமையல்காரருக்குப் பாகற்காய் பிடிக்காமல் இருப்பதில்லையா?

சனி ஞாயிறு வந்தால் ஏற்காடு ரோடெல்லாம் இந்தச் சொல்தான் இறைந்து கிடக்கும். ஏரிக்கரையில் படகுக்கு வரிசையில் நிற்கிற பெண் போனில் யாரிடமோ, "சும்மா கேசுவலா கெளம்பி வந்துட்டோம்ப்பா" என்பாள். துணிக்கடையில் கேசுவல் சட்டை தனி அலமாரியில் தொங்கும். எங்கள் ஆசிரியர் அறையில், "எனக்கு இன்னும் மூணு கேசுவல் இருக்கு, தீபாவளியோட சேத்துப் போட்டுக்குவேன்" என்று லீவுக் கணக்குப் பேசுவார்கள். காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை மைக்கைப் பிடித்து, படிப்பில் யாரும் கேசுவலாக இருக்கக் கூடாது என்று பிள்ளைகளை மிரட்டுவார். நான் வரிசையின் கடைசியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

காரணம் இதுதான். என் அப்பா பத்தொன்பது வருஷம் ஓர் எஸ்டேட்டில் கேசுவலாக இருந்தார். சட்டையிலும் லீவிலும் இருக்கிற கேசுவல் அல்ல. பேர்ப்புத்தகத்தில் இருக்கிற கேசுவல்.

எங்கள் வீடு ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சாமையும் ராகியும் போடுகிற அளவுக்குக் கொஞ்சம் காடு, நாலு பேரிக்காய் மரம். அது வயிற்றுக்குப் பாதிதான் போதும். மீதிக்கு எஸ்டேட். அங்கே இரண்டு சாதி: பர்மனெண்ட், கேசுவல். பர்மனெண்ட் ஆட்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதெல்லாம் சேரும். கேசுவல் என்றால் இன்றைக்கு வந்தால் இன்றைக்கு ஆள், நாளைக்கு யாரோ. ஆனால் அப்பா எல்லா நாளும் போனார். கார்த்திகை, மார்கழியில் காபிப் பழம் பறிப்பு, மழைக்குப் பிறகு களை, வெயிலில் நிழல் மரம் கவாத்து, மாசியில் மிளகு. நல்ல நாள், பெரிய நாள், காய்ச்சல் தவிர ஒரு நாள் விட்டதில்லை. விழுந்து விழுந்து வேலை செய்தார். பத்தொன்பது வருஷம் தவறாமல் வருகிற ஒருவரை எப்போதாவது வந்துபோகிறவர் என்று எழுதிவைக்க ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் எஸ்டேட்டில் யாருக்கும் குறையவில்லை.

மிளகு எடுப்பது மரமேறுகிற வேலை. சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக் கொடி உச்சிவரை போயிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுக்குக் கணு குச்சி விட்டு வெட்டியதுதான் ஏணி. அதை மரத்தில் சாத்தி, மேலே ஒரு கட்டுக் கட்டி, இடுப்பில் சாக்கோடு ஏறிக் கொத்துக் கொத்தாகப் பறிக்க வேண்டும். அப்பா ஏறினால் கீழே நிற்கிறவர்களுக்குக் கழுத்து வலிக்கும். அவ்வளவு உயரம் போவார்.

நான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தேன், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. மூங்கில் வழுக்கியதா, கட்டு அவிழ்ந்ததா, இன்றுவரை தெரியாது. காலை பத்து மணிக்கு அப்பா விழுந்தார். இடுப்பும் தொடை எலும்பும் போயிற்று. எஸ்டேட் ஜீப்பின் பின் சீட்டில் படுக்கவைத்து அடிவாரத்துக்கு இறக்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்தியதை, தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்தான் கேட்டேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. வேறு யார் போவது?

சேலம் ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைகிற கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் பெரிதாகக் கேசுவல்டி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அந்தச் சிவப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் போட்டு அந்தக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் எஸ்டேட் ரைட்டர் வந்தார். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர்ப்புத்தகம் எழுதுகிறவர். அப்பாவுக்கு அவர் சிநேகிதர் என்றே சொல்லலாம். எங்கள் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

அவர் கையில் ஒரு காகிதம், முழுவதும் இங்கிலீஷில் டைப் அடித்தது.

"ஏனுங்க, ஒண்ணும் பயப்படாதீங்க. எஸ்டேட்டுல எல்லாம் பாத்துக்குவாங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதுமுங்க," என்றார் அப்பாவிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் படிச்ச புள்ளயாச்சே சாமி. நீயே அப்பனுக்கு வாசிச்சுச் சொல்லிரு. நான் சொன்னா நல்லாருக்காது."

அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். தமிழ் மீடியத்தில் படித்தாலும் வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். காகிதத்தை வாங்கி, பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். நீள நீளமான வாக்கியங்கள். அப்பாவின் பெயர் தெரிந்தது, எஸ்டேட் பெயர் தெரிந்தது, ஹாஸ்பிடல் தெரிந்தது. நடுவில் கேசுவல் என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

"என்ன கண்ணு போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தேன். கேசுவல்டி. காகிதத்தில் கேசுவல். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டதாக நினைத்தேன். கேசுவல்டியில் சேர்க்கப்படுகிறவர் கேசுவல். அவ்வளவுதானே? கடைசி எழுத்துகள் ஏதோ விகுதி.

"உங்களைக் கேசுவல்டில சேக்கறதுக்குப்பா. எஸ்டேட்டே சேக்குதுன்னு எழுதியிருக்கு."

அப்பா கையெழுத்துப் போட்டார். மல்லாக்கப் படுத்த வாக்கில் போட்டதால் எழுத்துகள் மேலே ஏறி ஓடின. ரைட்டர் காகிதத்தைத் திருப்பி அடியில் ஓர் இடத்தைக் காட்டி, "நீயும் போட்டுரு கண்ணு, வாசிச்சுச் சொன்னன்னு," என்றார். நானும் போட்டேன். என் பெயரை முழுதாக, இனிஷியலோடு, அழகாகவே போட்டேன்.

அந்தப் பரீட்சையை நான் எழுதியது, பாஸ் செய்தது எல்லாம் இங்கே வேண்டாம். அப்பா ஐந்து மாதம் படுத்திருந்தார். எழுந்தபோது ஒரு கால் குட்டையாகிவிட்டது. தடி இல்லாமல் நடக்க முடியாது. எஸ்டேட்டுக்குப் போய்க் கேட்டோம். கையை விரித்தார்கள். சேலத்தில் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனோம். படிக்கட்டு ஏற முடியாமல் அப்பா கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, நான் மட்டும் மேலே போனேன். அங்கே இருந்த அதிகாரி, எஸ்டேட் அனுப்பிய காகிதத்தின் நகலை எடுத்துப் பொறுமையாகத் தமிழில் சொன்னார். அப்பா அன்றைக்கு ஒரு நாள் மட்டும், தானாகக் கேட்டு, கேசுவலாக வேலைக்கு வந்தார். எந்த வேலையில் எங்கே அடிபட்டார் என்பது பற்றி எஸ்டேட்டுக்குப் பொறுப்பில்லை. மனிதாபிமானத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

"மரத்துல இருந்து விழுந்தாருன்னு இல்லீங்களா?"

"எங்கயும் இல்லம்மா. அடியில வாசிச்சுச் சொன்னதா ஒரு கையெழுத்து இருக்கு. இது யாரு?"

என் கையெழுத்தை என்னிடமே காட்டிக் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

படியிறங்கி வந்தேன். அப்பா தடியை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?" என்றார். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பொய் தயாராக நாக்கில் இருந்தது.

"ரைட்டரு காயிதத்தை மாத்திட்டாருப்பா. நாம கையெழுத்துப் போட்டது வேற, இது வேற."

அன்றிலிருந்து அப்பா ரைட்டரின் முகத்தில் முழிக்கவில்லை. நல்லவேளை, அந்த ஆளும் வெறுக்கத் தகுந்தவர்தான். அவர் காகிதத்தை மாற்றவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தார். ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் பெருமையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயாலேயே தகப்பனை ஏமாற்ற வைத்தார். ஆகவே அப்பா அவரைத் திட்டும்போதெல்லாம், திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்குச் சேர வேண்டிய பங்கையும் அவரே வாங்கிக்கொண்டார்.

காலேஜில் இங்கிலீஷ் எடுத்தேன். ஆசையில் இல்லை, ஆத்திரத்தில் எடுத்தேன். முதல் வருஷம், முதல் வாரம், லைப்ரரியில் இருந்ததிலேயே தடியான அகராதியை இழுத்துப் போட்டு அந்தச் சொல்லைத் தேடினேன். பொருள்கள் வரிசையாக இருந்தன. எதிர்பாராமல் நேர்வது. ஒழுங்கில்லாதது. அக்கறையற்றது. அவ்வப்போது வேலைக்கு வருகிற ஆள். எல்லாம் அந்த அதிகாரி சொன்னதுதான். கடைசியில், சொல் எங்கிருந்து வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.

லத்தீனில் காடெரெ என்றால் விழு. அதிலிருந்து காசுஸ், விழுதல். யாரும் திட்டமிடாமல் மேலேயிருந்து வந்து விழுவதால் தற்செயல் என்ற பொருள் வந்தது. நாமும் தாயம் விழுந்தது, லாட்டரியில் பரிசு விழுந்தது என்றுதானே சொல்கிறோம்? அதிலிருந்து கேசுவல், அதிலிருந்து கேசுவல்டி. பக்கங்களைப் புரட்டப் புரட்ட ஒரு கூட்டமே வந்தது. ஆக்சிடெண்ட் அதே வேர். சான்ஸ் அதே வேர். கோர்ட்டுக்குப் போகிற கேஸ்கூட அதே வேர். அப்பாவின் கேஸில் சான்ஸ் இல்லை என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார் அப்பா.

ஆக நான் அன்று தாழ்வாரத்தில் நினைத்தது, இரண்டும் ஒரே சொல் என்று நினைத்தது, முழுத் தப்பு இல்லை. இரண்டும் அக்கா தங்கைதான். அகராதி என்னை முதுகில் தட்டிக்கொடுத்தது. எனக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. விழுந்தவரைக் குறிக்க வேண்டிய ஒரு சொல்லை எடுத்து, அவர் விழவே இல்லை என்று எழுத முடிகிறது. எழுதிவிட்டு அதே சொல்லைச் சட்டைக்கும் மாட்டிவிடுகிறார்கள். இதைப் பாடம் நடத்த முடியுமா? ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். பின் பெஞ்சில் ஒருத்தி, "மிஸ், இது எக்ஸாமுக்கு வருமா?" என்றாள். வராது என்று சொல்லிக் கரும்பலகையை அழித்துவிட்டேன்.

இத்தனை வருஷம் இப்படியே ஓடியது. போன ஐப்பசியில்தான் அது நின்றது.

மஞ்சக்குட்டையில் ஷேர் ஜீப் நிற்கிற இடத்தில் நானும் அப்பாவும் காத்திருந்தோம். அப்பாவின் கால் வலிக்கு ஏற்காட்டில் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும். நல்ல மழை. ஜீப் வந்தது. உள்ளே ரைட்டர் உட்கார்ந்திருந்தார். வயதாகி, காதோரம் மப்ளர் சுற்றி, பாதி ஆளாகிவிட்டார். ஒரே ஓர் இடம்தான் இருந்தது, அவருக்குப் பக்கத்தில். அப்பாவைப் பார்த்ததும் அவர் இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க ஏறுங்க. நான் அடுத்ததுல வாறனுங்க. மழை நொம்ப வருது."

அப்பா காறித் துப்பினார். ரைட்டர் காலடியில் விழுந்தது. "உன்ற எடத்துல நான் உக்காரோணுமாடா?" என்றார். ஜீப்பில் இருந்தவர்கள் வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். ஜீப் போய்விட்டது. அடுத்தது வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. குட்டைக் காலை ஈரத்தில் வைத்துக்கொண்டு அப்பா அவ்வளவு நேரமும் நின்றார். உட்காரக் கல்கூட இல்லை. கிழவர் வீம்புக்கு நிற்கிறார் என்று ஜீப்பில் போனவர்கள் நினைத்திருப்பார்கள். அவரை அங்கே நிற்க வைத்தவள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். இதற்கு முன்னால் எத்தனை ஜீப்பை இப்படி விட்டிருப்பார் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். அப்பா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து காலுக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். காகிதத்தை யாரும் மாற்றவில்லை. நான்தான் தப்பாக வாசித்தேன். அடியில் இருப்பது என் கையெழுத்து. பயந்துகொண்டு பொய் சொன்னேன்.

அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். எனக்கு வாய் நிற்கவில்லை. வாத்தியார் புத்தி, எதையாவது விளக்கியாக வேண்டும். கேசுவல் என்ற சொல்லுக்கே விழுதல் என்றுதான் மூலம், நான் அன்றைக்குச் சொன்னது ஒருவகையில் சரிதான் என்று லத்தீன்வரை போய்விட்டேன். பேசப் பேச எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்பா முழுவதையும் கேட்டார். "அப்ப, விழுந்தவன்னுதான் அதுல எழுதியிருக்குங்கற?"

"ஆமாப்பா. ஒருவகையில."

"ஆரோட மரத்துல இருந்து விழுந்தேன்னு எழுதியிருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எழுதலயில்ல? அப்பறம் எந்த நாட்டுப் பாசையா இருந்தா எனக்கென்ன?" தடியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "அவன் திருடன். அது எனக்கு அன்னைக்கே தெரியும். எஸ்டேட்டுக்காரன் குடுத்த காயிதத்தைத் தூக்கிட்டு வாறவன் வேற எப்பிடி இருப்பான்? அவனை நம்பி நான் கையெழுத்துப் போடலயே. நீ வாசிச்சயேன்னு போட்டேன்."

"தெரியாமத்தாம்ப்பா..."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கோணும். நம்ம ஊடே உன்னைய நம்பித்தான் கெடந்துச்சு."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டு சாப்பிடாமலும் இல்லை. நான் சமைத்ததைச் சாப்பிடுகிறார். மாத்திரை எடுத்துக் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். ரைட்டர் இருக்கிற ஜீப்பில் இப்போதும் ஏறுவதில்லை.

ஆனால் வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தால் என்னிடம் கொடுப்பதில்லை. கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பேங்க் கடிதம், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, எதுவானாலும் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மளிகைக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார். கடை வைத்திருக்கிற பாய் சேலத்திலிருந்து வந்தவர், பத்தாவதுவரை படித்தவர். போக அரை கிலோமீட்டர் மேடு, வர அரை கிலோமீட்டர் இறக்கம். போன வாரமும் ஒரு கடிதம் வந்தது, இங்கிலீஷில். நான் வீட்டில்தான் இருந்தேன், பிள்ளைகளின் இங்கிலீஷ் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா என்னைத் தாண்டிப் போய்ச் செருப்பை மாட்டினார். "பாய்க்கு அவ்வளவு இங்கிலீஷு வராதுப்பா," என்றேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டு வாசல்படி இறங்கிப் போனார்.